எதிரொலி வராத இடம்

வைஷாலி பஞ்சுருண்டையிலிருந்து ஒரு துணுக்கைக் கிள்ளி, நாய்க்குட்டி பூந்தியின் முகத்துக்கு நேரே உயரப் பிடித்து விரல்களை விரித்தாள். பஞ்சு சத்தமில்லாமல் இறங்கி மேசைமேல் உட்கார்ந்தது. பூந்தி அசையவில்லை. அதன் கண்கள் இரண்டும் எப்போதும்போலக் கீழ்நோக்கி, வெளிப்பக்கமாகச் சாய்ந்து நின்றன. இன்னொரு துணுக்கை இடப்பக்கமாக விட்டுப் பார்த்தாள். அதற்கும் அசைவில்லை.

"பந்து போட்டா ஓடிப் போய் எடுக்குதே பாப்பா," என்றார் பக்தவத்சலம்.

"சத்தத்த வெச்சு ஓடுது நைனா. அதுக்குதான் பஞ்சு. விழுந்தா சத்தம் வராது. கண்ணு தெரிஞ்சாதான் தலை திரும்பும்."

மகள் சொன்ன காரணம் அவருக்குப் பிடித்திருந்தது. ஒன்றைச் சோதிக்கும்போது மற்றதெல்லாம் குறுக்கே வராமல் பார்த்துக்கொள்வது நல்ல வேலைக்காரரின் குணம். ஆனால் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம் என்று பிறகு பல தடவை நினைத்துக்கொண்டார்.

இரண்டாயிரத்து மூன்றாம் வருடம், ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. செங்கல்பட்டில் கொளவாய் ஏரிப் பக்கம் போகும் சாலையில், கீழே ஒரு அறையும் அதற்கு முன்னால் ஒரு பெஞ்சும், மாடியில் தங்குவதற்கு ஓர் அறையும் சமையலறையுமாக இருந்த வீட்டில் வைஷாலி மிருக வைத்தியம் பார்த்துவந்தாள். பக்தவத்சலமும் அவர் மனைவி லோகநாயகியும் கடற்கரையோர அணு நகரியத்தின் குவார்ட்டர்ஸிலிருந்து ஸ்கூட்டரில் வந்திருந்தார்கள். லோகநாயகியின் மடியில் ஒயர் கூடை, கூடைக்குள் பூந்தி. பக்தவத்சலத்தோடு வேலை பார்க்கும் தீனதயாளன் வீட்டுப் பொமரேனியன் போட்ட குட்டிகளில் இதற்குத்தான் தலை பெரியது. கூடப் பிறந்ததெல்லாம் எலிக்குஞ்சுபோல இருக்க, இது மட்டும் நெற்றி புடைத்து, உருண்டைத் தலையோடு, ஏதோ யோசனையில் இருப்பதுபோலத் தெரிந்தது. "தலை பெருசு, மூளையும் பெருசாதான் இருக்கும்" என்று பெருமையோடு பொறுக்கி எடுத்து வந்தவர் பக்தவத்சலம்தான். நான்கு மாதமாகியும் அதற்குத் தன் பெயர் தெரியவில்லை. எங்கே மூத்திரம் போகவேண்டும் என்று லோகநாயகி சொல்லிக்கொடுத்தது எதுவும் அந்தப் பெரிய தலைக்குள் நிற்கவில்லை. வட்டம் வட்டமாக நடந்தது, அதுவும் ஒரே பக்கமாக.

வைஷாலி குட்டியின் உச்சியில் சவரக்கத்தி வைத்துக் கொஞ்சம் முடியை வழித்தாள். பெஞ்சில் ஆட்டோடு உட்கார்ந்திருந்த படாளத்துக் காசியம்மாள் எட்டிப் பார்த்தாள்.

"இன்னா டாக்டரம்மா, நாய்க்கு மொட்ட போடற? எந்தச் சாமிக்கு வேண்டுதல?"

"வேண்டுதல் இல்லம்மா. தலைக்குள்ள தண்ணி சேர்ந்துகினு கீது. ஸ்கேன் பண்ணிப் பார்க்கணும்."

"எங்கூரு ஏரியில பொட்டுத் தண்ணி இல்ல. நாய் தலையில கீதாமே." ஆட்டின் கயிற்றை இழுத்துக்கொண்டு அவள் கதவோரமாகவே நின்றுவிட்டாள்.

ஸ்கேன் மெஷின் பழையது. திரையின் ஒரு மூலை மங்கியிருந்தது. பக்தவத்சலம் அதைப் பார்த்த பார்வையில் ஒரு தொழில்காரரின் அலட்சியம் இருந்தது. அவருடைய வேலையே ஒலியால் பார்ப்பதுதான். எஃகுக் குழாய்களை ஒன்றோடொன்று பற்றவைத்த இடத்தில், வெளியே தெரியாத விரிசல் உள்ளே இருக்கிறதா என்று காதுக்கு எட்டாத ஒலியை அனுப்பிக் கண்டுபிடிப்பார். ஒலியை அனுப்பி வாங்கும் ப்ரோபை எஃகின்மேல் வைத்தால் ஒலி உள்ளே ஓடும். வழியில் ஒரு விரிசலோ, காற்றுக்குமிழோ இருந்தால் அதில் மோதித் திரும்பும். எக்கோ என்று அவர்கள் சொல்லும் அந்த எதிரொலி திரையில் ஒரு பச்சை முள்ளாகக் குத்தி நிற்கும். ஒன்றும் இல்லையென்றால் கோடு தட்டையாகக் கிடக்கும். சோதிக்கிற பொருளை அங்கே ஜாப்பு என்பார்கள். "கோடு தூங்குனா ஜாப்பு நல்ல ஜாப்பு" என்பது அவர் பிரிவில் புதிதாகச் சேருகிற எல்லாருக்கும் அவர் சொல்கிற முதல் வாக்கியம். ஒருமுறை வெளியிலிருந்து வந்த குழாய் ஒன்றை நாலு பேர் பார்த்துச் சரியென்று சொன்ன பிறகு, இவர் ஓரிடத்தில் சாக்பீஸால் வட்டம் போட்டு "இங்க அறுங்க" என்றார். அறுத்தார்கள். தலைமுடி மாதிரி ஒரு விரிசல் வட்டத்துக்கு நடுவில் இருந்தது. அந்தத் துண்டு இன்றும் அவர் மேசைமேல் காகிதங்கள் பறக்காமல் இருக்க உட்கார்ந்திருக்கிறது.

மகள் வழித்த இடத்தில் ஜெல் தடவியபோது தலையாட்டினார். அவரும் கிளிசரின் தடவுவார். நடுவில் துளி காற்று இருந்தாலும் ஒலி உள்ளே போகாது. வைஷாலி குட்டியின் உச்சியில் அவர் விரலை எடுத்து வைத்துக் காட்டினாள். மெத்தென்று அமுங்கியது. பிறந்த குழந்தைக்கு இருக்கும் உச்சிக்குழியேதான். மண்டையோட்டு எலும்பு ஒலியை உள்ளே விடாது. மோதியதில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். குட்டிகளுக்கு எலும்புகள் கூடும் வரை உச்சியில் ஒரு சந்து இருக்கும். பூந்திக்கு அந்தச் சந்து இத்தனை நாளாகியும் மூடவில்லை. உள்ளிருந்து நீர் தள்ளிக்கொண்டிருந்தால் எலும்புகள் எப்படிக் கை கோக்கும்? நோயே திறந்து வைத்த ஜன்னல் அது. அதன் வழியாகத்தான் நோயையும் பார்க்க முடிந்தது.

திரையில் படம் வந்தது. நடுவில் இரண்டு கருப்புச் சிறகுகள். அவற்றைச் சுற்றி மெல்லிய சாம்பல் விளிம்பு.

"கருப்பெல்லாம் தண்ணி நைனா. எல்லார் மூளைக்குள்ளயும் இந்தத் தண்ணி ஊறும். ஒரு பக்கம் ஊறி ஒரு பக்கம் வடியும். இவளுக்கு வடியற வழி எங்கயோ குறுகிப் போயிருக்கு. ஊறறது நிக்கல. தண்ணி உள்ளருந்து தள்ளித் தள்ளி மூளை ஓரமா ஒதுங்கிடுச்சு. இந்த ஓரத்துல சாம்பலா தெரியுதே, அதான் மிச்சம்."

"கருப்புன்னா எக்கோ வரலன்னுதான அர்த்தம்?"

"ஆமா. எக்கோ வரல." அவள் மேலே சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் காசியம்மாளின் ஆடு கதவைத் தாண்டி உள்ளே பாய்ந்து, தட்டிலிருந்த பஞ்சுருண்டையை வாயில் கவ்விவிட்டது. அதைப் பிடுங்கி, ஆட்டைப் பார்த்து, அடுத்து வந்த மாட்டுக்காரரிடம் பேசி முடிப்பதற்குள் மதியம் ஆகிவிட்டது. வைஷாலி இரண்டு விதமான மாத்திரைகளைக் காகிதத்தில் மடித்து அம்மாவிடம் கொடுத்தாள். தண்ணீர் ஊறுவதைக் குறைக்கும் மாத்திரைகள், ஒரு வேளை தவறக்கூடாது என்றாள்.

திருக்கழுக்குன்றத்தில் டீ குடிக்க நிறுத்தியபோது பக்தவத்சலம் மனைவியிடம் சொன்னார்.

"லோகா, அந்த மாத்திரய இப்ப குடுக்க வேணாம்."

"ஏன், இன்னாவாம்?"

"பொண்ணு படத்த தலைகீழாப் படிக்கறா. எக்கோ வராத எடம்தான் நல்ல எடம். ஓரத்துலதான் எக்கோ வருது. கோளாறு இருந்தா அங்கதான் இருக்கணும். அதப் போயி மிச்ச மூளைங்கறா. மெஷினும் பழசு. சரி பார்த்தாளோ இல்லையோ. மாத்திர வேற சின்ன ஒடம்புக்கு ஆவாது."

"அவ அஞ்சு வருசம் படிச்சா."

"நான் இருவத்தேழு வருசமா சவுண்டோட மாரடிச்சுகினு கீறேன்."

"டாக்டர் அவளா, நீங்களா?"

"நாயின்னா அவ. சவுண்டுன்னா நான்."

லோகநாயகி டீ கிளாஸை வைத்துவிட்டுக் கூடைக்குள் பார்த்தாள். ஒலி விஷயத்தில் அவர் சொல் தவறியதாக அவளுக்கு நினைவில்லை. வீட்டு மிக்ஸியிலிருந்து மோட்டார் வரை, எது எப்போது கெடும் என்று சத்தத்தை வைத்துச் சொல்வார். அதன்படியே கெடும். மாத்திரைக் காகிதம் சுவாமி அலமாரியில் குங்குமச் சிமிழுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தது.

அவர் பேச்சில் இன்னொன்றும் கலந்திருந்தது. வைஷாலிக்கு எஞ்சினியரிங் இடம் கிடைத்திருந்தது. அவள்தான் மிருக வைத்தியம் என்று பிடிவாதமாகச் சென்னைக்குப் போனாள். நகரியத்தில் எல்லாருடைய பிள்ளைகளும் கம்ப்யூட்டர் படித்து அமெரிக்கா, சிங்கப்பூர் என்று போய்க்கொண்டிருந்த காலம் அது. "உங்க பொண்ணு மாட்டு டாக்டராமே?" என்று கேட்டால், "அனிமல் சயின்ஸ் பண்ணியிருக்கா" என்பார். இதே மகள், சின்ன வயதில் ஸ்கூலில் எல்லாப் பிள்ளைகளும் அப்பா, டாடி என்று கூப்பிட, இவள் மட்டும் நைனா என்று கூப்பிடுவதை மற்றவர்கள் கேலி செய்தபோது, மாற்ற மாட்டேன் என்று நின்றவள். அந்தப் பிடிவாதம் மட்டும் அவருக்குப் பிடித்திருந்தது.

அந்த வாரம் பூந்தி சாப்பாட்டைக் குறைத்தது. புதன்கிழமை லோகநாயகி சமையலறைக்குள் நுழைந்தபோது அது ஃப்ரிட்ஜின் பக்கவாட்டில் நெற்றியை அழுத்திக்கொண்டு நின்றிருந்தது. ஏதோ விளையாட்டு என்று நினைத்து வேலையைப் பார்த்தாள். குக்கர் இறங்கிய பிறகும் அது அப்படியேதான் நின்றது, ஃப்ரிட்ஜைத் தள்ளிக்கொண்டு போய்விடுவதுபோல. தூக்கிக் கூடத்தில் விட்டாள். சுவரைத் தேடிப்போய் அங்கே நெற்றியை வைத்தது. சாயங்காலம் கணவரிடம் சொன்னாள். அவர் சுவரோரம் குனிந்து உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தார். "நாளைக்குப் பாப்பாவக் கேக்கலாம்" என்றார். குரலில் பழைய உறுதி இல்லை.

மறுநாள் வேலையில், ஒரு சின்ன எஃகு வளையத்தைத் தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்துச் சோதிக்கவேண்டியிருந்தது. வளைந்த பொருளுக்குக் கிளிசரின் சரிப்படாது. பொருளும் ப்ரோபும் இரண்டுமே தண்ணீருக்குள் இருந்தால் நடுவில் காற்று புக வழியில்லை. ஒலி கிளம்பியதைக் காட்டும் முதல் முள் திரையில் வந்தது. பிறகு தட்டையான கோடு. பிறகு எஃகின் மேல்பரப்பின் முள். மறுபடி தட்டைக் கோடு. கடைசியில் எஃகின் அடிப்பக்கம். இதை அவர் எத்தனையோ பேருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். முதல் தட்டைக் கோடு தண்ணீர், இரண்டாவது தட்டைக் கோடு எஃகு.

அவர் கை ப்ரோபிலேயே நின்றுவிட்டது.

தண்ணீரிலும் கோடு தூங்குகிறது. நல்ல எஃகிலும் கோடு தூங்குகிறது. அப்படியானால் எதிரொலி வராமல் இருப்பது "இங்கே நன்றாக இருக்கிறது" என்று சொல்வதில்லை. "இங்கே எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறது" என்றுதான் சொல்கிறது. எஃகு ஒரே மாதிரி இருக்கவேண்டிய பொருள். ஆகவே அதில் அமைதி நல்லது. மூளை அப்படியா? நரம்பு, மடிப்பு, ரத்தக்குழாய் என்று இடத்துக்கு இடம் வேறாக இருப்பதல்லவா அது? ஒவ்வொரு துணுக்கும் ஒலியைக் கொஞ்சம் கொஞ்சம் திருப்பி அனுப்பும். மூளை முணுமுணுக்கத்தான் வேண்டும். அந்தச் சாம்பல் நிறம் அந்த முணுமுணுப்புதான். சில வார்ப்பிரும்புகளில் ப்ரோபை வைத்தால் திரை முழுக்கப் புல் முளைத்ததுபோலச் சின்னச் சின்ன முட்கள் எழும்பும். அதைப் புல் என்ற பொருளில் 'கிராஸ்' என்று சொல்லி வாழ்நாளெல்லாம் எரிச்சல்பட்டவர் அவர். புல் முளைக்கவேண்டிய இடத்தில் ஒரு புல்கூட இல்லாததைப் பார்த்து நல்ல ஜாப்பு என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

அரை நாள் லீவு சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தார். வாசலிலேயே லோகநாயகியின் குரல் கேட்டது. மொசைக் தரையில் பூந்தி பக்கவாட்டில் கிடந்து நான்கு கால்களையும் நீந்துவதுபோல உதைத்துக்கொண்டிருந்தது. வாயில் நுரை. அவள் தன் புடவை ஒன்றை மடித்து அதன் தலைக்கடியில் வைத்திருந்தாள். அவரை நிமிர்ந்து பார்த்தாள். அவர் நேராகப் போனை எடுத்தார்.

"பாப்பா, குட்டிக்கு இழுப்பு வந்துடுச்சு. நீ குடுத்த மாத்திர ஒரு வேள கூட குடுக்கல. நான்தான் வேணாம்னேன். நீ படத்த தப்பாப் படிச்சேன்னு நெனச்சுட்டேன். தப்பாப் படிச்சது நானு."

மறுமுனையில் கொஞ்ச நேரம் எதுவும் வரவில்லை. அந்த அமைதிக்கு என்ன பொருள் என்று அவருக்குத் தெரியவில்லை.

"இப்ப நின்னுடுச்சா?" என்றாள் வைஷாலி.

"அடங்கிகினு வருது."

"ஸ்கூட்டர் வேணாம். கார் பிடிச்சுக் கூட்டிகினு வா. தலை ஒடம்ப விடக் கொஞ்சம் ஒசரமா இருக்கட்டும். குலுக்காத. போன அம்மாகிட்ட குடு."

வாடகை அம்பாசடரில் செங்கல்பட்டு போய்ச் சேர்ந்தபோது வைஷாலி வாசலிலேயே நின்றிருந்தாள். குட்டியை வாங்கிக்கொண்டு போய் இழுப்புக்கு ஊசி போட்டாள். காலில் ஊசி ஏற்றி, மூளை வீக்கத்தைக் குறைக்கும் மருந்தை மெல்லச் சொட்டவிட்டாள். அவரைத் திட்டவில்லை. திட்டினால் நன்றாக இருக்கும் என்று அவர் பெஞ்சில் காத்திருந்தார். அவள் தன் பழைய புரொபசருக்குப் போன் போட்டு, வெகுநேரம் "ஆமா சார், ஆமா சார்" என்று கேட்டுவிட்டு வந்தாள்.

"இந்த மருந்து நாளைக்குக் காலை வரைக்கும் தாங்கும். அப்புறம் அழுத்தம் மறுபடி ஏறும். மெட்ராசுக்குக் கொண்டு போனா ரோட்டுக் குலுக்கல்லயே போயிடும்ங்கறாரு. உச்சிக்குழி வழியா ஊசி விட்டுக் கொஞ்சம் தண்ணி எடுக்கணும். ஸ்கேன்ல பார்த்துகினே விடணும்."

"செஞ்சிருக்கியா?" என்றாள் லோகநாயகி.

"பார்த்திருக்கேன். செஞ்சதில்ல." அவள் தன் கையைப் பார்த்துக்கொண்டாள். "மேல இருக்கற மூளை ரொம்ப மெல்லிசு. எவ்ளோ ஆழம் போகணுமோ அவ்ளோதான் போகணும். கொஞ்சம் தாண்டினாலும் போச்சு."

பக்தவத்சலம் எழுந்து கடைத்தெருவுக்குப் போனார். திரும்பி வந்தபோது கையில் கடல்பாசிப் பாக்கெட்டுகளும் அரிசி மாவும் பலூனும் இருந்தன. நேரே மாடிச் சமையலறைக்குப் போய் லோகநாயகியைக் கூப்பிட்டார். கடல்பாசியைத் தண்ணீரில் கரையும் வரை காய்ச்சச் சொன்னார். அதில் அரிசி மாவைக் கட்டியில்லாமல் கலக்கச் சொன்னார்.

"இது எந்த ஊரு பலகாரம்? சக்கரையே இல்லாம?"

"இது மூளைடி. கலக்கு."

அவர் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. எந்த மெஷினையும் நம்பி நேராக வேலையில் வைக்கமாட்டார்கள். முதலில், உள்ளே என்ன இருக்கிறது என்று நமக்கு ஏற்கெனவே தெரிந்த ஒரு துண்டின்மேல் வைத்துப் பார்ப்பார்கள். இந்த ஆழத்தில் இந்த அளவு துளை என்று நாமே போட்டு வைத்த எஃகுக் கட்டி. மெஷின் அதைச் சரியாகச் சொன்னால்தான் தெரியாததைப் பற்றி அது சொல்வதைக் கேட்கலாம். அவர் இப்போது செய்துகொண்டிருந்தது மூளைக்கான கட்டி. கெட்டியாக உறையும் கடல்பாசி தசைக்குப் பதில். அதற்குள் மிதக்கும் மாவுத் துகள்கள் முணுமுணுக்க. ஒரு பலூனின் நுனியில் குமிழில்லாமல் தண்ணீர் நிரப்பி முடிச்சுப் போட்டு, டிபன் பாக்ஸில் நடுவாக வைத்து, மேலே எவ்வளவு கனத்துக்குக் கடல்பாசி உறையவேண்டும் என்று சட்டைப்பையிலிருந்த வெர்னியர் அளவுகோலால் அளந்து ஊற்றினார்.

உறைந்ததும் கீழே எடுத்து வந்து மேசைமேல் வைத்தார். வைஷாலி ஜெல் தடவி ப்ரோபை வைத்தாள். திரையில் சாம்பல் பரப்பு. அதன் நடுவில் கன்னங்கரேலென்று ஓர் உருண்டை.

முதல் தடவையாகச் சிரித்தாள். "நைனா. அப்படியே கீது."

"ஆழம் இன்னா காட்டுது, சொல்லு."

சொன்னாள். வெர்னியர் சொன்னதும் அதுவும் ஒன்று. பழைய மெஷின் பொய் சொல்லவில்லை. அவர் மனதின் ஏதோ ஒரு மூலையில், மெஷின் தப்பு என்றாவது வந்துவிடாதா என்று ஓர் ஆசை கடைசி வரை உட்கார்ந்திருந்தது. அது எழுந்து போனது.

"நான் வாங்கின அன்னிக்கே ஆள வரவெச்சு சரி பார்த்துட்டேன்," என்றாள் வைஷாலி. "உன் பொண்ணு நான். சரி பார்க்காம வைப்பேனா?" பிறகு டிபன் பாக்ஸைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, மெல்லிய ஊசி ஒன்றைப் பிரித்தாள். அவர் மெஷினைச் சோதிக்கக் கொண்டுவந்ததை அவள் தன் கையைச் சோதிக்க எடுத்துக்கொண்டாள். ஊசி சாம்பல் பரப்புக்குள் ஒரு வெள்ளைக் கீற்றாக இறங்கியது. பக்கவாட்டில் விலகியது. அவள் வெளியே எடுத்து, வேறு இடத்தில் மறுபடி இறக்கினாள். இந்த முறை கீற்றின் நுனி கருப்புக்குள் எட்டிப் பார்த்தது. ஊசியின் அடியில் ஒரு சொட்டு நீர் துளிர்த்தது.

"இன்னொண்ணு செய் நைனா. இத விடச் சின்னதா. மேல் கனம் பாதியா."

பொழுது சாயும் வரை மாடியில் அடுப்பு அணையவில்லை. லோகநாயகி கிண்டிக் கிண்டிக் கை வலித்து, "நாய் பொழைக்கட்டும். அதுக்கப்புறம் ஆயுசுக்கும் எனக்குக் கடல்பாசி வேணாம்" என்றாள். கடைசியாக வந்த கட்டிகளில் வைஷாலியின் ஊசி ஒவ்வொரு முறையும் நினைத்த இடத்தில் நின்றது. அந்த விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு, அவற்றில் இருந்த அவசரமின்மை எங்கிருந்து வந்தது என்று தெரிந்தது. அதைத் தாண்டி, தன்னிடம் இல்லாத ஒன்றும் அவற்றில் இருப்பது தெரிந்தது. அவர் கை எப்போதும் செத்த எஃகின்மேல் பழகியது. தவறினால் அறுத்துவிட்டு மறுபடி பற்றவைக்கலாம்.

காலை வெளிச்சம் நன்றாக வந்ததும் ஆரம்பித்தார்கள். குட்டிக்கு மயக்கம் கொடுத்து, தலையைச் சுருட்டிய துண்டில் பதியவைத்திருந்தாள்.

"நைனா, நீ ப்ரோபப் பிடி. எனக்கு ரெண்டு கையும் வேணும்."

அவர் கையைக் கழுவி உறை போட்டுக்கொண்டு வந்தார்.

"வெல்டுல அழுத்தற மாதிரி அழுத்தாத. நடுவுல வேணாம், பெரிய ரத்தக்குழாய் ஓடுது. இப்படி ஓரமா. அங்கயே. அசையாத."

அவர் அசையவில்லை. குழாய்களுக்கடியில் படுத்து, தலைக்கு மேலே கையைத் தூக்கி மணிக்கணக்காகப் ப்ரோபைப் பிடித்த கை. ஆனால் இன்றைக்கு அந்தக் கைக்குக் கீழே ஏதோ மெல்லத் துடித்துக்கொண்டிருந்தது. திரையில் வெள்ளைக் கீற்று சாம்பல் விளிம்பைத் தொட்டது, கடந்தது, கருப்புக்குள் நின்றது. ஊசியின் அடியிலிருந்து கிணற்றுநீர்போலத் தெளிவாக ஒரு சொட்டு. இன்னொரு சொட்டு. சின்னக் கண்ணாடிக் குப்பியில் அது சேர்ந்தது. தானாக வருவதை மட்டும் அவள் வாங்கிக்கொண்டாள், இழுக்கவில்லை. கொஞ்சம் சேர்ந்ததும் ஊசியை எடுத்துவிட்டாள்.

"இன்னும் நெறைய கீதே பாப்பா," என்றார் பொறுக்கமாட்டாமல்.

"கீது. ஒரேடியா எடுத்தா ஓரமா ஒதுங்கின மூளை சட்டுனு உள்ள இடிஞ்சு ரத்தக்குழாய் கிழிஞ்சிடும். அழுத்தம் கொஞ்சம் எறங்கினாப் போதும். மிச்சத்த மாத்திர பார்த்துக்கும். இந்தத் தடவையாவது குடுத்தா."

அதுதான் அவள் சொன்ன ஒரே கடுஞ்சொல். அவர் அதை வாங்கிக்கொண்டார், உள்ளே வைத்துக்கொண்டார்.

மயக்கம் தெளிந்தபோது பூந்தி சுவரைத் தேடவில்லை. லோகநாயகியின் விரலை மோந்து, நக்கி, பிறகு மேசைமேலேயே மூத்திரம் போனது. "ஐய, புத்தி வந்துடுச்சு," என்றாள் அவள், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

ஆட்டைக் காட்டக் காசியம்மாள் அன்றைக்கும் வந்திருந்தாள். பக்தவத்சலம் கையில் உறையோடு மேசையைத் துடைத்துக்கொண்டிருப்பதைப் பார்த்து, "இன்னா சார், கம்பவுண்டரா சேர்ந்துட்டியா?" என்று கேட்டாள்.

"ஆமாம்மா," என்றார் அவர். "டாக்டரு எம்பொண்ணு. இந்த ஜில்லாவுல மாடு, ஆடு, நாய் எதுன்னாலும் கூட்டிகினு வா. மாட்டு டாக்டரு."

வைஷாலி ஆட்டின் வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. காது மட்டும் சிவந்தது.

அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் நகரியத்துக்கு வந்தாள். மாத்திரை மட்டும் போதுமா, அல்லது குழந்தைகளுக்கு வைப்பதுபோல மூளையிலிருந்து வயிற்றுக்குத் தோலுக்கடியில் ஒரு மெல்லிய குழாய் வைத்து வடியவிட வேண்டுமா என்பது அடுத்த ஸ்கேனில் தெரியும். புரொபசரே அறுவை செய்வதாகவும் அவளும் உடன் நிற்கவேண்டும் என்றும் சொல்லியிருந்தார். பக்தவத்சலம் இதைத் தீனதயாளனிடமும் பால்காரரிடமும் பஸ் ஸ்டாப்பில் நின்ற முன்பின் தெரியாத ஒருவரிடமும் சொல்லியாகிவிட்டது. அலுவலக மேசையில் அந்த விரிசல் விழுந்த எஃகுத் துண்டுக்குப் பக்கத்தில் இப்போது ஒரு டிபன் பாக்ஸ் இருந்தது. கடல்பாசி வற்றிச் சுருங்கி, பலூன் மட்டும் தெரியும். புதிதாகச் சேர்ந்தவர்கள் என்ன சார் இது என்று கேட்பார்கள். "கோடு தூங்குனா நல்ல ஜாப்புன்னு எப்பவும் நெனைக்காத," என்று ஆரம்பித்து அரை மணி நேரம் சொல்வார்.

சாயங்காலம் மூவரும் சதுரங்கப்பட்டினம் கோட்டையைத் தாண்டிக் கடற்கரைக்குப் போனார்கள். கோட்டைச் சுவரின் செங்கல் வெயிலில் காய்ந்து நின்றது. படகுகளுக்கிடையே மீன் வலைகள் விரித்திருந்தார்கள். லோகநாயகி பூந்தியை மணலில் இறக்கிவிட்டாள். அது வட்டமாக நடந்தது. வட்டம் முன்னைவிடப் பெரியதாக இருந்தது. பக்தவத்சலம் சட்டைப்பையிலிருந்து மருந்துக் குப்பியில் அடைத்து வந்த பஞ்சை எடுத்தார்.

"இங்க பார்த்தாக் கணக்குல வராது நைனா," என்றாள் வைஷாலி. "காத்து அடிக்குது, வாசன வரும், அலை சத்தம் வேற. வீட்ல போய்ப் பார்க்கலாம்."

"தெரியும்," என்றார் அவர். குனிந்து, குட்டியின் முகத்துக்கு நேரே பஞ்சைப் பிடித்து, விரல்களை விரித்தார். அது விழவில்லை. காற்று அதை வாங்கிக்கொண்டு, மணலுக்கு ஒரு சாண் மேலேயே, ஈர மணல் மின்னும் பக்கமாகக் கொண்டுபோனது. பூந்தி நடப்பதை நிறுத்தியிருந்தது. அதன் பெரிய தலை, வழித்த முடி குறும்புல்லாக முளைத்திருந்த தலை, சற்றுத் தாமதமாக, அந்தப் பக்கம் மெல்லத் திரும்பத் தொடங்கியது.